சாய்ந்த ஃப்ரெட் கிடாரின் பழைய கதை

போன மாதம் என் பேரன் ஒரு எலெக்ட்ரிக் பேஸ் கிடார் வாங்கினான். ஐந்து தந்தி, 'மல்டி ஸ்கேல்' வகை. பெட்டியைத் திறந்தபோது வீட்டில் இருந்த என் மைத்துனர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இதென்னடா கோணலா இருக்கு? கழிச்சுப் போட்ட பீஸை உன் தலையில கட்டிட்டானா?" என்றார். பையன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வாங்கிய விலையில் ஒரு பங்கு என் ஓய்வூதியத்திலிருந்து போனது.

மைத்துனர் சொன்னதிலும் தப்பில்லை. சாதாரண கிடாரின் கழுத்தில் ஃப்ரெட் என்ற உலோகக் கம்பிகள் ஏணிப்படி போல ஒன்றுக்கொன்று இணையாகக் குறுக்கே பதிந்திருக்கும். நம் வீணையில் மெட்டு என்கிறோமே, அதே வேலைதான். இந்தக் கிடாரிலோ அவை விரித்த விசிறியின் ஈர்க்குகள் போல இருக்கின்றன. நடுவில் ஒன்று மட்டும் நேராக நிற்கிறது. மேலே போகப் போக ஒரு பக்கமும், கீழே வர வர மறுபக்கமும் சாய்கின்றன. தந்தியைத் தாங்கும் குதிரையும் சாய்வுதான். "புதுசு புதுசா எதையாவது பண்ணிக் காசு பிடுங்கறானுங்க" என்று மைத்துனர் தீர்ப்பு எழுதிவிட்டு காபியைக் குடித்துப் போய்விட்டார்.

முப்பது வருடத்துக்கு மேல் அரசு அலுவலகத்தில் கோப்பு புரட்டியவனுக்கு ஒரு பழக்கம் விடாது. எந்தக் கோப்பு கைக்கு வந்தாலும் மேல் தாளை நம்பாமல் அடித்தாளைத் தேடுவான். இந்தக் கோப்பின் அடித்தாள் நானூறு வருடத்துக்கு முந்தையது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதலில் அந்தச் சாய்வு எதற்கு என்று பார்த்துவிடுவோம். பிரெஞ்சு வழியில் படித்தவர்களுக்கு மெர்ஸென் என்ற பெயர் புதிதாக இருக்காது. கணக்கில் மெர்ஸென் பகா எண்கள் என்று வருமே, அவர்தான். பாரிசில் இருந்த துறவி, தெகார்த்தின் நண்பர். 1636-இல் வெளியான 'ஆர்மொனி யூனிவெர்செல்' என்ற பெரிய நூலில் தந்திகளின் விதிகளை எழுதிவைத்தார். கண்ணால் பார்த்து எண்ணும்படி மெதுவாக ஆடுகிற நீளமான கயிறுகளைக் கட்டி அதிர்வுகளை எண்ணிய மனிதர். அவர் சொன்னதைச் சுருக்கினால் மூன்று வரி. தந்தியின் நீளம் பாதியானால் சுருதி இரண்டு மடங்கு உயரும். இழுத்துக் கட்டும் விசை நான்கு மடங்கானால் சுருதி இரண்டு மடங்கு உயரும். தந்தியின் கனம் நான்கு மடங்கானால் சுருதி பாதியாகும்.

ஆக, தாழ்ந்த சுருதி வேண்டுமென்றால் மூன்றே வழி: தந்தியை நீளமாக்கு, தளர்த்து, அல்லது கனமாக்கு. தளர்த்தினால் தந்தி தொளதொளவென்று ஆடி ஃப்ரெட்டில் மோதும். கனமாக்கினால் வேறொரு சங்கடம். தந்தி ஓரளவுக்கு மேல் தடித்துவிட்டால் அது தந்தியாக இல்லாமல் கம்பியாகிவிடுகிறது. வளைய மறுக்கும். ஒரு நல்ல நாதத்தில் மூல சுருதியோடு அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு என்று உப சுருதிகளும் சேர்ந்து ஒலிக்கும். விறைத்த தந்தியில் இந்த உப சுருதிகள் தத்தம் இடத்தை விட்டு மேலே ஏறிவிடும். கேட்கிற காதுக்கு என்ன சுரம் என்றே பிடிபடாமல் 'மொத்' என்று ஒரு சத்தம் வரும். மிச்சமிருப்பது நீளம்தான்.

நீளத்தின் அருமை தெரிந்த வாத்தியங்கள் எத்தனையோ உண்டு. பியானோ மூடியின் வடிவத்தைப் பாருங்கள். இடப்பக்கம் நீண்டும் வலப்பக்கம் குறுகியும் வளைந்திருப்பது தாழ்ந்த சுரத்துக்கு நீளத் தந்தி வேண்டும் என்பதால்தான். ஹார்ப்பும் அப்படி. நம் பழைய யாழும் அந்தச் சாதிதான். ஒவ்வொரு தந்திக்கும் ஒவ்வொரு நீளம். (விபுலாநந்த அடிகளின் 'யாழ் நூல்' 1947-இல் வந்தது. பொறுமை உள்ளவர்கள் தேடிப் படிக்கலாம்.) ஆனால் இந்த வாத்தியங்களில் ஒரு தந்திக்கு ஒரு சுரம். விரலால் அழுத்தி ஒரே தந்தியில் பல சுரம் எடுக்கிற வீணை, கிடார் வகையில்தான் சிக்கல். அங்கே குறுக்கே ஒரு மெட்டு வைத்தால் அது எல்லாத் தந்திக்கும் பொது. மெட்டு நேராக இருக்க வேண்டுமென்றால் எல்லாத் தந்தியும் ஒரே நீளமாக இருந்தாக வேண்டும். வீணையில் மந்தரத்துக்கும் அனுமந்தரத்துக்கும் எஃகை விட்டுப் பித்தளைத் தந்திக்குப் போனார்கள். நீளத்தை மாற்ற முடியாததால் உலோகத்தை மாற்றினார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

இங்கிலாந்தில் ஒரு கைவினைஞர் கூட்டம் நீளத்தையே மாற்றிப் பார்த்தது. முதலாம் எலிசபெத் ராணி காலம். லண்டனில் ஜான் ரோஸ் என்ற வாத்தியத் தச்சர் 1562-இல் பண்டோரா என்ற உலோகத் தந்தி வாத்தியத்தைச் செய்தார் என்று அக்கால வரலாற்றுக் குறிப்பு சொல்கிறது. அதன் தம்பி போல ஆர்ஃபேரியன் என்று ஒன்று வந்தது. ஆர்ஃபியஸ், ஆரியன் என்ற இரண்டு கிரேக்கப் புராணப் பாடகர்களின் பெயரைச் சேர்த்துக் கட்டிய பெயர். இரண்டுக்கும் 1596-இல் அச்சிட்ட பாட்டுப் புத்தகமே இருக்கிறது. அந்த நாளில் லூட் போன்ற வாத்தியங்களுக்கு ஆட்டுக் குடல் நரம்பு கட்டுவார்கள். இவற்றுக்கோ இரும்பு, பித்தளைக் கம்பி. கம்பி என்றால் விறைப்பு. கீழ்த் தந்திகள் மழுங்கிவிடும்.

பிரான்சிஸ் பாமர் என்ற லண்டன் தச்சர் 1617-இல் செய்த ஓர் ஆர்ஃபேரியன் இன்றும் கோபன்ஹேகன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் குதிரை சாய்வு, மேல் கட்டை சாய்வு, இடையில் உள்ள ஃப்ரெட்டுகள் விசிறி. கீழ்த் தந்தி நீளம், மேல் தந்தி குட்டை. என் மைத்துனரிடம் அதன் படத்தைக் காட்டினேன். "இதுவும் கோணலாத்தான் இருக்கு" என்றார்.

தேதிகளைக் கவனியுங்கள். பாமரின் வாத்தியம் 1617. மெர்ஸெனின் புத்தகம் 1636. விதி அச்சில் ஏறுவதற்குப் பத்தொன்பது வருடம் முன்பே தச்சனின் கைக்கு அது தெரிந்திருக்கிறது.

அப்படியானால் இவ்வளவு நல்ல ஏற்பாடு ஏன் காணாமல் போனது? ஃபேஷன் மாறியது என்று சொல்லித் தப்பித்துவிடலாம். ஆனால் இன்னொரு காரணம் இருந்தது என்பது என் கட்சி. 1660-களில் லண்டனில் ஒரு புதிய தந்தி விற்பனைக்கு வந்தது. பட்டு இழை அல்லது நரம்பின் மேல் மெல்லிய உலோகக் கம்பியைச் சுருள் சுருளாகச் சுற்றிய தந்தி. இன்று கிடாரிலும் வயலினிலும் கீழ்த் தந்தியைத் தடவினால் விரலுக்குச் சொரசொரவென்று தட்டுப்படுமே, அதுதான். உள்ளே மெல்லிய கரு, வெளியே கனமான உறை. கனமும் உண்டு, வளைவும் உண்டு. நீளத்தைக் கூட்டாமலே தாழ்ந்த சுரம் தெளிவாக வந்துவிட்டது. அதன் பிறகு எவன் மெனக்கெட்டு ஒவ்வொரு ஃப்ரெட்டையும் ஒவ்வொரு கோணத்தில் அறுத்துக்கொண்டு இருப்பான்? நேராக அறுப்பது தச்சனுக்கு லாபம். சாய்ந்த ஃப்ரெட் பரணுக்குப் போய்விட்டது.

நடுவில் ஒரு முறை தூசி தட்டினார்கள். 1900-இல் அமெரிக்காவில் எட்கிரென் என்பவர் விசிறி போன்ற ஃப்ரெட் அமைப்புக்குக் காப்புரிமை வாங்கினார். அதனால் சந்தையில் பெரிதாக எதுவும் மாறவில்லை. ஒப்பம் ஆகி, முத்திரை குத்தி, அப்படியே ரெக்கார்டு அறைக்குப் போகிற கோப்புகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இனி பேஸ் கிடார் பக்கம் வருவோம். அதற்கு முன் இருந்தது ஆள் உயர டபுள் பேஸ். தந்தி நீளம் சுமார் 42 அங்குலம். தூக்கிக்கொண்டு அலைய முடியாது, கூட்டத்தில் கேட்காது. 1930-களில் சியாட்டிலில் பால் டட்மார்க் என்பவர் படுக்கை வாட்டில் வாசிக்கிற, ஃப்ரெட் வைத்த மின்சார பேஸ் ஒன்றைச் செய்து விற்றார். அவ்வளவாகப் போகவில்லை. உலகத்தைப் பிடித்தது 1951-இல் கலிபோர்னியாவில் லியோ ஃபெண்டர் கொண்டுவந்த பிரெசிஷன் பேஸ். ஃப்ரெட் இருப்பதால் சுரம் துல்லியமாக விழும் என்பதால் அந்தப் பெயர். தந்தி நீளத்தை அவர் 34 அங்குலம் என்று வைத்தார். விரல் எட்டவும் வேண்டும், ஒலி தெளியவும் வேண்டும் என்ற இரண்டுக்கும் நடுவில் ஒரு சமரசம். அந்த 34 இன்று வரை பேஸ் உலகத்தின் அரசாணை மாதிரி.

நான்கு தந்திக்கு அந்த அளவு போதும். தாராளமாகப் போதும். டெட்ராய்ட்டில் மோட்டவுன் கம்பெனிப் பாட்டுகளுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் வலது கையின் ஒரே விரலால், மாற்றாத பழைய தந்திகளில், இந்த 34 அங்குல பிரெசிஷன் பேஸில்தான் ஒரு தலைமுறையையே ஆட வைத்தார். சாய்வில்லாமல் வாசிக்க முடியாது என்று யாராவது சொன்னால் ஜேமர்சனைக் கேட்கச் சொல்லுங்கள்.

தகராறு ஐந்தாவது தந்தியில் ஆரம்பித்தது. நான்கு தந்தி பேஸின் அடித் தந்தி 'ஈ'. வினாடிக்கு 41 அதிர்வு. 1970-களின் நடுவில் அதற்கும் கீழே போக ஆசைப்பட்டார்கள். ஆந்தனி ஜாக்சன் என்ற நியூயார்க் கலைஞர் 1975-இல் கார்ல் தாம்சன் என்ற தச்சரிடம் ஆறு தந்தி பேஸ் செய்து வாங்கினார். அதன் அடித் தந்தி 'பி'. வினாடிக்கு 31 அதிர்வு. 1976-இல் ஜிம்மி ஜான்சன் அலெம்பிக் கம்பெனியில் அதே அடி 'பி' உள்ள ஐந்து தந்தி பேஸ் வாங்கினார். 1980-களில் சிந்தசைசர் என்ற மின்சார விசைப்பலகை வந்து 'ஈ'-க்குக் கீழே சர்வசாதாரணமாக இறங்கி முழங்கியபோது, பேஸ்காரர்கள் எல்லோரும் ஐந்தாவது தந்தி கேட்டார்கள். பிழைப்பு போய்விடுமே.

இங்கேதான் மெர்ஸென் திரும்பி வருகிறார். 'ஈ'-யிலிருந்து 'பி'-க்கு இறங்குவது என்றால் அதிர்வு முக்கால் பங்காகக் குறைய வேண்டும். அதே தந்தியை அதே இழுவிசையில் வைத்து நீளத்தை மட்டும் கூட்டினால் 34-ஐ நான்கால் பெருக்கி மூன்றால் வகுக்க வேண்டும். 45 அங்குலத்துக்கு மேல் வருகிறது. மனிதன் கைக்கு எட்டாது. ஆகவே 34-லேயே வைத்து, சுற்றுத் தந்தியை இன்னும் தடிமனாக்கினார்கள். மூன்று நூற்றாண்டாகக் காப்பாற்றி வந்த அந்தச் சுற்றுத் தந்தியும் ஒரு கட்டத்துக்கு மேல் கைவிட்டது. 'பி' தந்தி தொளதொளத்தது, அல்லது மொத்தென்றது. சிலர் எல்லாத் தந்தியையும் 35 அங்குலமாக்கிப் பார்த்தார்கள். 'பி' கொஞ்சம் தெளிந்தது. ஆனால் மேலே உள்ள மெல்லிய 'ஜி' தந்தி தேவையில்லாமல் விறைத்து, கம்பி கத்துவது போல ஆனது. ஒருவனுக்குப் பந்தியில் இடம் விட எல்லோரையும் நகர்த்தினால் ஓரத்தில் இருப்பவன் திண்ணையிலிருந்து விழுவான் இல்லையா, அந்தக் கதை.

ரால்ஃப் நோவாக் அமெரிக்கக் கிடார் தச்சர், பழுது பார்ப்பவர். ஒவ்வொரு தந்திக்கும் அதற்கேற்ற நீளம் கொடுத்து ஃப்ரெட்டுகளை விசிறியாக வைக்கும் முறையை இன்றைய எலெக்ட்ரிக் கிடாருக்குக் கணக்குப் போட்டு அமைத்தார். 1989-இல் அமெரிக்கக் காப்புரிமை எண் 4,852,450 அவருக்குக் கிடைத்தது. 'ஃபேன்டு ஃப்ரெட்', அதாவது விசிறி ஃப்ரெட், என்ற பெயரையும் வணிகக் குறியாகப் பதிந்துகொண்டார். அவர் செய்து கொடுத்த எட்டுத் தந்தி வாத்தியத்தில் சார்லி ஹண்டர் என்ற கலைஞர் பேஸையும் கிடாரையும் ஒரே ஆளாக ஒரே நேரத்தில் வாசித்து 1990-களில் பெயர் வாங்கினார். ஒரே கழுத்தில் இரண்டு வாத்தியத்துக்கும் ஏற்ற நீளம் வேண்டுமென்றால் சாய்வை விட்டால் வழி ஏது?

நானூறு வருடப் பழைய சரக்குக்கு ஒருவர் காப்புரிமை வாங்கலாமா என்ற கேள்வி எனக்கும் எழுந்தது. கோப்பைப் பார்க்கிறவன் என்ற முறையில் என் குறிப்பு இது. சாய்வு என்ற எண்ணம் பாமர் காலத்தது, அதை யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. ஆனால் பரணில் கிடந்ததை எடுத்து, இன்றைய தந்திக்கும் இன்றைய சுருதிக்கும் பொருத்தி, "கோணல்" என்று சிரித்தவர்களின் கையில் கொடுத்து வாசிக்கச் சொல்லி ஒப்புக்கொள்ள வைத்த உழைப்பு நோவாக்குடையது. அந்த உழைப்புக்குச் சில வருடம் உரிமத் தொகை கிடைத்ததில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

அந்த உரிமத்தைப் பெற்று பேஸில் முழு மூச்சாக இறங்கியவர் கனடாவின் சஸ்கட்டூன் ஊர்க்காரர் ஷெல்டன் டிங்வால். அவருடைய ஐந்து தந்தி பேஸில் 'பி' 37 அங்குலம், 'ஜி' 34 அங்குலம். கணக்குப் பார்த்தேன். அதே தந்தி, அதே சுருதி, நீளம் மட்டும் 34-லிருந்து 37 என்றால் இழுவிசை சுமார் 18 சதவீதம் கூடுகிறது. தொளதொளப்பு போவதற்கு அதுதான் காரணம். ஒவ்வொரு தந்தியிலும் பன்னிரண்டாவது ஃப்ரெட் சரிபாதியில் இருக்க வேண்டும் என்பது விதி. 'பி'-யில் அது பதினெட்டரை அங்குலத்தில் விழும், 'ஜி'-யில் பதினேழில். இரண்டு புள்ளியையும் ஒரு கோட்டால் சேருங்கள். சாய்வு தானாக வந்துவிடும். மைத்துனர் கோணல் என்றது இந்தக் கோட்டைத்தான்.

காப்புரிமைக் காலம் முடிந்ததும் பெரிய கம்பெனிகள் வந்து சேர்ந்தன. 'விசிறி ஃப்ரெட்' என்ற பெயர் நோவாக்குடையது என்பதால் மற்றவர்கள் 'மல்டி ஸ்கேல்' என்று சொல்லத் தொடங்கி, அதுவே நிலைத்துவிட்டது. அவற்றில் ஐபனெஸ் என்பது ஜப்பான் கம்பெனி. பெயர் மட்டும் சால்வடோர் இபானியெஸ் என்ற ஸ்பெயின் தேசத்துத் தச்சருடையது. இவர்களால்தான் முன்பு சொல்லிச் செய்து வாங்க வேண்டியிருந்த சாமான் இன்று கடையில் தொங்குகிறது, என் போன்றவன் பங்கு போட்டு வாங்கும் விலைக்கும் இறங்கியிருக்கிறது.

வீட்டில் இதே கேள்வி வருகிறவர்களுக்காக நான் பார்த்ததைச் சொல்கிறேன். பிள்ளை வாசிப்பது நான்கு தந்தி, 'ஈ'-க்குக் கீழே இறங்குவதில்லை என்றால் இந்தச் செலவு வேண்டாம். ஃபெண்டரின் 34 போதும். ஐந்து தந்தி வாசிக்கிறவன், அல்லது எல்லாத் தந்தியையும் இறக்கிக் கட்டி முரட்டு ராக் வாசிக்கிறவன் என்றால் அர்த்தம் உண்டு. நீள வித்தியாசம் எல்லா மாதிரியிலும் ஒன்றல்ல. டிங்வாலில் மூன்று அங்குலம் என்றால், ஐபனெஸில் பல மாதிரிகளில் ஒன்றரை, இரண்டுதான். வித்தியாசம் கூடக் கூட 'பி' தெளியும், முதல் ஃப்ரெட் பக்கம் இடது கை எட்ட வேண்டிய தூரமும் கூடும். அதனால் கடையில் அடித் தந்தியின் முதல் நான்கு ஃப்ரெட்டுகளில் கொஞ்ச நேரம் வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். என் பேரன் சின்னக் கைக்காரன். இரண்டு அங்குல வித்தியாசம் உள்ளதையே எடுத்தான். சாய்வு விரலைக் குழப்புமோ என்று பயந்திருந்தான். அரை மணியில் மறந்துவிட்டது என்கிறான். கழுத்தின் மேல்முனையில் கை வெளிப்பக்கமும், உடல் அருகே உள்பக்கமும் இயல்பாகவே திரும்புகிறது, ஃப்ரெட்டும் அப்படியே சாய்ந்திருக்கிறது. ஜூன் 21 இசைத் திருநாளில் நம்மூர்த் தெருவில் அதை வாசிக்கப் போகிறானாம்.

இடக்கை வாசிப்பவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். நேர் ஃப்ரெட் கிடாரை அவசரத்துக்குத் தந்தியை மாற்றிக் கட்டித் திருப்பி வாசிக்கலாம். இதில் அது நடக்காது. திருப்பினால் நீளம் மெல்லிய தந்திக்கும் குட்டை தடித்த தந்திக்கும் போய்விடும். இடக்கைக்கென்றே செய்ததைத்தான் வாங்க வேண்டும், அது சுலபத்தில் கிடைப்பதில்லை.

கடைசியாக, மாற்றுத் தந்தி. நீளமான 'பி'-க்குச் சாதாரணக் கட்டில் வரும் தந்தி சில மாதிரிகளில் பிருடை வரை எட்டாது. பணம் கட்டுவதற்கு முன், இந்த நீளத்துக்கான தந்தி இங்கே கிடைக்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். எங்களுக்கு இங்கே கிடைக்கவில்லை. கிடாரோடு சேர்த்து வெளியூரிலிருந்து இரண்டு கட்டு வரவழைத்தோம். ஒன்று பூட்டியிருக்கிறது, ஒன்று அலமாரியில் இருக்கிறது.